ஓட்டத்துக்கும் முறைவாசல் போடுங்கள்!

ஓடிப் பழகி உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. காலை ஐந்தரை மணிக்கு அந்த ஆசைக்கு எதிரே பால் பாக்கெட், இட்லிக் குண்டான், பள்ளி வேன், மாமனாரின் மாத்திரை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்போதுதான் சிக்கல். இதற்கு மன உறுதிப் பேச்சுகள் உதவாது என்பது என் கட்சி. வீட்டுக்குள் யார் யாருக்கு நேரம் விட்டுக்கொடுப்பது என்ற ஏற்பாடு சரியாக அமைந்தால், ஆர்வம் தானாகப் பின்னால் வரும். அந்த ஏற்பாட்டுக்குச் சில குறிப்புகள்:

1. ஒண்டுக்குடித்தன வீடுகளில் வாசல் தெளிக்க முறைவாசல் உண்டு. யார் முறை என்று சண்டை வந்தாலும் வாசல் தெளிக்காமல் கிடந்ததில்லை. ஓட்டத்தையும் அப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்கள், புதன், வெள்ளி கணவருக்கு. செவ்வாய், வியாழன், சனி உங்களுக்கு. உங்கள் முறையன்று அடுப்படியும் பிள்ளைகளும் முழுக்க அவர் பொறுப்பு. "உப்பு டப்பா எங்கே?" என்று போன் வரக் கூடாது; வந்தாலும் எடுக்கக் கூடாது. வாய்ப்பேச்சாக விடாமல், பால் கணக்கு குறிக்கும் மாதக் காலண்டரிலேயே பெயர் எழுதி வையுங்கள். ஓடிவிட்டு வந்ததும் ஒரு டிக். அடுப்படிச் சுவரில் தொங்குவதால், டிக் விழாத கட்டம் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். பிள்ளைகளே கேட்டுவிடுவார்கள்.

2. தினமும் ஒரு மணி நேரம் கிடைத்தால்தான் உடற்பயிற்சி என்று நினைத்து, கிடைக்காமல், கைவிட்டவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பு போதும். வேக நடை மிதமான கணக்கு. ஓட்டம் கடுமையான கணக்கு. அதாவது, வாரத்தில் மூன்று நாள் 25 நிமிடம் ஓடினாலே கீழ் வரம்பைத் தொட்டுவிடலாம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் சேர்த்தி என்ற பழைய நிபந்தனையையும் அதில் எடுத்துவிட்டார்கள். கணவர் வெளிநாட்டில், நீங்கள் தனியாகக் குடும்பத்தைப் பார்க்கிறீர்கள் என்றால், ஏழு நிமிடம், எட்டு நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்கில் வரும். தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பருப்பு வேகும் நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழலாம்.

3. காலையில் முடிவெடுக்கிற வேலையே இருக்கக் கூடாது. ஓடும் உடை, சாக்ஸ், வீட்டுச் சாவி எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரு நாற்காலியில் எடுத்து வையுங்கள். தேங்காயைத் துருவி, பொட்டுக்கடலை, பச்சைமிளகாயோடு ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் சட்னிக்கு இரண்டு நிமிடம். உங்கள் முறை நாட்களில் இட்லி, தோசை. பூரி, பொங்கல், சப்பாத்தியெல்லாம் மற்ற நாட்களுக்கு. இந்த மெனு மாற்றத்துக்கு மட்டும் வீட்டில் யாருடைய எதிர்ப்பையும் சட்டை செய்யாதீர்கள்.

4. முதல் நாளே தெருக்கோடி வரை பாய்ந்து ஓடி, மூச்சு வாங்கி, மறுநாள் படுத்துக்கொள்வது வழக்கமான கதை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு முறை செய்தால் 24 நிமிடம். அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே 1970களிலிருந்து கற்றுக்கொடுத்த நடை-ஓட்ட முறை இது. மாரத்தான் ஓடுகிறவர்களும் கையாள்கிறார்கள். நடப்பதில் வெட்கம் வேண்டாம். வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு வார்த்தையில் மூச்சு திணறினால் குறையுங்கள்.

5. விரதம் என்றால் ஒரு மண்டலம், 48 நாள் என்று கணக்கு வைத்திருக்கிறோம். ஓட்டத்துக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமல் செய்யும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம். மண்டலம் முடிந்தும் அலாரத்தைக் கண்டால் எரிச்சல் வருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதே ஆய்வில் இன்னொரு நல்ல சேதியும் உண்டு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை.

6. டியூஷன் வாசல், பாட்டு வகுப்பு வாசல், கராத்தே வகுப்பு வாசல். இங்கெல்லாம் ஸ்கூட்டரில் சாய்ந்து போன் பார்த்தபடி பெற்றோர் கழிக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய ஓட்ட நேரம் அதுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, சமையலும் கெடாது. ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு ஜோடி ஷூவும் துண்டும் நிரந்தரமாக இருக்கட்டும். சுடிதாரோடே போகலாம், துப்பட்டாவை மட்டும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வகுப்பு இருக்கும் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தால் போதும். முதல் வாரம் மற்ற பெற்றோர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் யாராவது ஒருவர் கூட வருவார்.

7. "இந்த வயசுல எதுக்கும்மா ஓடணும்?" என்று கேட்கும் மாமியாரோடு வாதாடாமல், அவரையும் அழைத்துப் போங்கள். இதற்குச் சுற்றுப்பாதை உள்ள பூங்காதான் சரி. நேர் சாலையில் ஆளுக்கொரு வேகம் என்றால் பிரிந்துவிடுவீர்கள். சுற்றுப்பாதையில் அவர் நடக்க, நீங்கள் ஓட, ஒவ்வொரு சுற்றிலும் சந்தித்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, இரண்டரை கிலோமீட்டர் சுற்றுள்ள கோவை ரேஸ்கோர்ஸ் எல்லாம் இந்த வகை. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பிள்ளை இருந்தால், தெருவில் உங்கள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வரட்டும். வேகத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

8. நம் ஊரில் பருவத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றாவிட்டால் ஓட்டம் நிலைக்காது. சென்னையில் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஏழு மணி வெயிலில் ஓடுவது வீண் பிடிவாதம். ஜனவரியில் ஆறரைக்குத்தான் உதிக்கும். மார்கழி புதிதாகத் தொடங்க அருமையான மாதம். குளிர்ச்சி ஒரு காரணம். கோலம் போடுகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் இருட்டிலேயே தெருவில் இருப்பதால் பெண்களுக்குத் துணையும் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அபார்ட்மென்ட் மாடிப்படி, கூடத்தில் ஸ்கிப்பிங் கயிறு. தண்ணீர் தேங்கிய சாலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். பள்ளம் தெரியாது, மின்கம்பி அறுந்து கிடந்தாலும் தெரியாது.

9. வாட்ச் வாங்கும் காசை ஷூவில் போடுங்கள். பெண்கள் அதற்கும் முன்னால் நல்ல ஸ்போர்ட்ஸ் பிராவில். ஷூ வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஓடும்போதும் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் உழைத்து முடிந்துவிடும், மேலே புதுசு போலவே இருந்தாலும்.

10. நனைந்த ஷூவை வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும். உள்ளட்டையை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள். காகிதம் ஈரமானதும் மாற்றுங்கள். வியர்வை உடையை அழுக்குக் கூடையில் போடாமல் உடனே வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் திரவம் இந்தத் துணிகளுக்கு ஆகாது, வியர்வையை உறிஞ்சாமல் போய்விடும்.

11. தெருநாய் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக மாறுங்கள். கண்ணைப் பார்த்து முறைக்காமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால், பல் பட்ட இடம் சின்னதாக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

12. எடை குறையவே ஓடுகிறேன் என்றால் சீக்கிரம் சலித்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ உள்ளவர் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 180. இரண்டு மெதுவடையில் அது திரும்பி வந்துவிடும். ஓடியதால் இரவில் தூக்கம் எப்படி, மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு எப்படி என்று கவனியுங்கள். எடை மெஷினைவிட அவை சீக்கிரம் பதில் சொல்லும். கிளம்புமுன் ஒரு வாழைப்பழம், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர் போதும்.

13. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள், நாற்பதைத் தாண்டி முதல்முறை ஓடுகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் நடை மட்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி வந்தால் "வாயுவாக இருக்கும்" என்று பெருங்காயம் தேடாமல் 108ஐ அழையுங்கள்.

14. ஒரு தேதி குறித்துக்கொண்டால் காலண்டர் டிக்குகளுக்கு ஒரு போக்கு கிடைக்கும். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டால் அலாரம் அடிக்கும்போது அந்தப் பணம் ஞாபகத்துக்கு வரும். செலவே வேண்டாம் என்றால், தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் தொடங்கிய எட்டு கிலோமீட்டர் நடைபாதையை ஞாயிறன்று குடும்பத்தோடு முடிக்கப் பாருங்கள்.

15. கல்யாணம், காய்ச்சல், பிள்ளையின் பப்ளிக் பரீட்சை என்று இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகத்தான் செய்யும். விட்ட நாட்களைச் சேர்த்து ஈடுகட்ட ஓடாதீர்கள், முழங்காலுக்குக் கேடு. பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினால் போதும். காலண்டரின் காலிக் கட்டங்களைக் காட்டி யாராவது கேலி செய்தால், நாளைய முறையை அவருக்கு எழுதிவிடுங்கள்.