எஞ்சின் எண்ணெயில் பெற்றோல் கலத்தல்

கண்டியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் மழை குறையும் மாசி, பங்குனி மாதங்களில், போஞ்சி, தக்காளி முதலிய பயிர்களுக்கு ஓடைநீரை இறைக்கச் சிறிய பெற்றோல் எஞ்சின் பூட்டிய நீர்ப்பம்பிகள் பயன்படுகின்றன. இவற்றின் எண்ணெய் மட்டம் நாளடைவில் சற்றுக் குறைவதே இயல்பு. மாறாக அது உயருமாயின், உள்ளே பெற்றோல் சேர்கின்றதென ஐயுறல் வேண்டும். எண்ணெய் செலவாகவில்லையே என மகிழும் கமக்காரரும் உளர். அம்மகிழ்ச்சி எஞ்சின் இறுகி நிற்கும் நாள்வரையே. பெற்றோல் கலந்து நீர்த்த எண்ணெய், உராயும் பாகங்களைக் காக்காது.

முதலில் பம்பியைச் சமதரையில் வைத்து அளவுகோலைப் பார்த்தல் வேண்டும். ஓடைக்கரைச் சரிவில் பார்த்த அளவு பொய்யளவாகும். எண்ணெயில் ஒரு துளியைத் துணியிலிட்டு முகர்ந்தால் பெற்றோல் நெடி புலப்படும். தீக்குச்சி கொண்டு சோதித்தல் ஆகாது.

பின்னர் பழைய எண்ணெயை முற்றாக வடித்துப் புதியதை உரிய மட்டம்வரை ஊற்றி, பெற்றோல் குழாயை மூடி ஓரிரவு விடுக. அடுத்த இரவு, எஞ்சினை இயக்காமலே, அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்தில் குழாயைத் திறந்து விடுக. திறந்த இரவில் மாத்திரம் மட்டம் உயர்ந்தால் குற்றம் காபரேற்றரின் ஊசி வால்விலாகும். தாங்கி மேலே இருப்பதால் பெற்றோல் தன் பாரத்தாலேயே இறங்கும். அதைத் தடுப்பது மிதவை உயர்த்தும் அந்த ஊசி ஒன்றே. ஊசி தேய்ந்தாலும், தூசி சிக்கினாலும், மிதவை ஓட்டையானாலும் பெற்றோல் சிலிண்டருள் புகுந்து, வளையங்களின் இடைவெளியால் எண்ணெயைச் சேரும். உள்ளிழு வால்வு மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருப்பின், பெற்றோல் காற்று வடிகட்டிப் பக்கமாக ஒழுகும். அந்த ஈரத்தையும் கவனித்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டை நினைந்து பெற்றோலைத் தேக்கி வைப்போர், பழைய பெற்றோல் பிசினாகி ஊசியில் படியும் என்பதை மறத்தலாகாது.

மலைப்பாதையில் பம்பியைச் சாய்த்துத் தூக்கும்போதும் மிதவை நிலை தவறும். ஆதலால் குழாயை மூடிய பின்னரே தூக்குக.

இரு இரவிலும் மாறாத மட்டம் இயக்கிய பின் உயருமாயின், முழுதும் திறவாத சோக், அடைபட்ட காற்று வடிகட்டி, ஒழுங்காகப் பொறி விடாத பிளக் ஆகியவற்றைப் பார்க்க. இவை நன்றாயிருப்பின் வளையத் தேய்வை மெக்கானிக்கிடம் காட்டுக.

பழுது நீக்கிய பின் எண்ணெயை மீண்டும் மாற்றுதல் வேண்டும். வடித்ததைக் கலனில் அடைத்துக் கராஜில் ஒப்படைக்க. அதை ஓடையில் ஊற்றினால் மகாவலி கங்கையையே சேரும்; கண்டி நகரத்தார் குடிநீர் பெறுவது அதிலிருந்தேயாகும்.