லேசரில் வெட்டும் கோர்ப்புப் பொம்மை – காடி சரியாக வர என்ன செய்யணும்?



மேலூர்ப் பக்கம் நடந்த கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "மேடம், பலகையில மாடு, யானையெல்லாம் வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்க வைக்கிறாங்களே, நாமளும் செய்யலாமா?" என்று கேட்டார். செய்யலாம். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு குழுவுக்காக 40 ஜல்லிக்கட்டு மாடு வெட்டி வாங்கினோம். 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. கால் சொருகும் காடியையும் சரியாக 3 மி.மீ. என்றுதான் வரைந்து கொடுத்தேன். ஒரு மாடுகூட நிற்கவில்லை! தூக்கினாலே கால் கழன்று விழுந்தது. அத்தனையும் குழுவில் வாங்கிய கடன் பணம்.

காரணம் இதுதான். ரம்பம் அறுக்கும்போது கொஞ்சம் மரம் தூளாகப் போகிறதல்லவா? லேசர் ஒளியும் அப்படித்தான், வெட்டுகிற இடத்தைக் கருக்கித் தின்றுவிடும். இந்தப் பலகையில் சுமார் 0.2 மி.மீ. போகும். 3 என்று வரைந்த காடி 3.2 ஆகிவிடும். அதனால் 2.8 என்று வரையணும். இதோடு இன்னொன்று: கடைக்காரர் "3 எம்.எம்." என்று தருகிற பலகை எல்லாம் 3 இருக்காது. வெர்னியர் காலிப்பர் வைத்து நாமே அளந்து பார்த்துக்கணும்.

பிளவுஸ் தைக்கும்போது தையலுக்கு எவ்வளவு துணி விடணும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அதே கணக்குதான், அங்கே கூட்டுகிறோம், இங்கே குறைக்கிறோம். ஒரு துண்டுப் பலகையில் 2.6, 2.7, 2.8, 2.9, 3.0 என்று ஐந்து காடி வெட்டச் சொல்லுங்கள். கையால் அழுத்தினால் இறங்கி, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நிற்கிற அளவு எதுவோ அதையே மொத்தத்துக்கும் வையுங்கள். பலகை மாறினால் திரும்பவும் சோதனை.

மெஷின் வாங்கக் கடன் கேட்காதீர்கள். ஷீல்டு, நினைவுப் பரிசு செய்கிற கடைகளில் இந்த மெஷின் உண்டு, கூலிக்கு வெட்டித் தருவார்கள். கோரல் டிராவில் படம் கொடுத்தால் போதும். புனே அருகே பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமம் என்ற கல்வி நிலையத்தில் 2002-லேயே இப்படிப்பட்ட கருவிகளோடு ஒரு பட்டறை வந்துவிட்டது. கிராமத்துக்கு ஆகாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

வெட்டும் முன் பலகை மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் புகைக்கறை பிடிக்காது. பிடித்தால் உப்புத்தாள் போடுங்கள், மூக்கை மூடிக்கொண்டு. ஈரத்துணி வேண்டாம், எம்.டி.எஃப். ஊதிவிடும். ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனரை மட்டும் லேசரில் வைக்கவே கூடாது. அது பி.வி.சி.; எரிந்தால் விஷப்புகை வரும், மெஷினும் அரித்துப்போகும்.

விற்கும்போதுதான் கவனம் வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைக் கலைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மெஷினில் வெட்டியது கைவினையில் சேருமா? மாவட்டத் தொழில் மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நம்ம குழு மாட்டை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறது. அதே காடிக் கணக்கில் இப்போது பேனா ஸ்டாண்டும் செல்போன் ஸ்டாண்டும் செய்கிறார்கள். அவை கழன்று விழுவதில்லை.