சுந்தன் படைத்த இறுதி உணவு

நம்மை நோக்கி அடிக்கடி வீசப்படும் வினா ஒன்றுண்டு. "உங்கள் புத்தர் பன்றி இறைச்சியை உண்டு, அது செரியாமல் அன்றோ இறந்தார்?" என்பதே அது. கேட்போர் பலர் அறிய விரும்பிக் கேட்பதில்லை. நகைக்க விரும்பியே கேட்கின்றனர். புதிதாகச் சரணம் ஏற்ற நம் இளைஞர் சிலர் விடை கூறத் தெரியாமல் தலைகுனிகின்றனர். ஆகவே தீக நிகாயத்தின் மகாபரிநிப்பாண சூத்திரம் இதுபற்றி உரைப்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

அப்பொழுது பகவனுக்கு வயது 80. பாவா நகரில், கொல்லர் மரபில் வந்த சுந்தனுடைய மாந்தோப்பில் தங்கியிருந்தார். பாலி மொழி சுந்தனைக் 'கம்மார புத்தன்' என்கிறது. நம் 'கம்மியன்' என்னும் சொல் உடனே நினைவிற்கு வரும். உலைக்களத்தில் கை கறுத்தவர் மரபினன் படைத்த உணவைப் பகவன் மறுக்கவில்லை. படைத்தவற்றுள் 'சூகரமத்தவம்' என்பதைத் தமக்கு மட்டும் இடுமாறும், பிறவற்றைப் பிக்குகளுக்கு அளிக்குமாறும், எஞ்சியதைக் குழியில் புதைக்குமாறும் பணித்தார். உண்டபின் குருதிப்போக்குடன் கடும் நோய் கண்டது.

சூகரம் என்பது பன்றி. மத்தவம் என்பது மென்மையானது. பன்றியின் மென்மையான இறைச்சியா, அன்றிப் பன்றி விரும்பும் மென்மையான பொருளா? பழைய உரைகளிலேயே கருத்து வேறுபாடு உண்டு. இறைச்சி என்பர் சிலர். பன்றி மிதித்த இடத்து மூங்கிற்குருத்து என்றும், காளான் என்றும், பாற்பொருள்கள் சேர்ந்த சோறு என்றும், ஒருவகை இரசாயனம் என்றும் உரைத்தோர் உளர். நம் ஆட்டுக்கால் கிழங்கில் ஆடு இல்லை; யானை நெருஞ்சிலில் யானை இல்லை. எனினும், இறைச்சியாகவே இருந்தாலும் நாம் நாணவேண்டியது யாதுமில்லை. தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டோ, கேட்டோ, ஐயுற்றோ இராத நிலையில், பிக்கு இறைச்சியை ஏற்கலாம் என்பதே விதி.

இனி, உணவுதான் நோய்க்குக் காரணமா? அதற்கு முன்பே, வேளுவ கிராமத்து மழைக்காலத்தில், பகவன் மரணத்தை ஒத்த வேதனையுற்றதை அதே சூத்திரம் கூறுகிறது. நோய் உண்டபின் வந்ததே ஒழிய உண்டதால் வந்ததன்று என்கிறது உரை. அம்மெல்லுணவே குசிநாராவரை நடக்க வலுவளித்தது என்றும் சேர்க்கிறது. மருத்துவம் கற்ற பிக்கு மெத்தானந்தோ, 2000-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், முதுமையில் குடலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டதே காரணமாகலாம் எனக் கருதினார். நமக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஆயின் சூத்திரம் மிகுந்த கவலையோடு பேசுவது உணவைப் பற்றியன்று. அதைப் படைத்தவனைப் பற்றியே. உணவால் நேர்ந்ததாகக் கூறப்படும் மரணங்களில் உலகம் முதலில் தேடுவது குற்றவாளியையே. கி.பி. 54-இல் உரோமப் பேரரசர் கிளாடியசு மாண்டபோது, காளான் உணவில் நஞ்சூட்டியதாக அவர் மனைவி அகிரிப்பினாமீது எழுந்த பழி இன்றும் நீங்கவில்லை. எளிய கொல்லனான சுந்தனை ஊரார் விட்டிருப்பரா? அவன் உள்ளமேனும் அவனை விட்டிருக்குமா?

பாவாவிலிருந்து குசிநாரா செல்லும் அச்சிறு வழியில், பகவன் 25 இடங்களில் அமர்ந்து இளைப்பாறினார் என்பது உரை. அவ்வளவு தளர்ந்த நிலையில், ககுத்தா ஆற்றில் நீராடி, அருகிருந்த மாந்தோப்பில் நான்காக மடித்த ஆடையின்மேல் சாய்ந்துகொண்டு, ஆனந்தரிடம் அவர் பேசியது சுந்தனைக் குறித்தே. ததாகதர் தன் உணவை உண்டு மறைந்தார் என்று அவன் வருந்தக்கூடும், அவ்வருத்தத்தை நீக்கவேண்டும். போதி பெறுமுன் உண்ட உணவும், பரிநிர்வாணம் எய்துமுன் உண்ட உணவும் சமபலன் உடையவை. ஏனைய தானங்களினும் அவை மேலானவை. இதனைப் பகவன் வாயிலாகவே நேரிற் கேட்டதாக ஆனந்தர் அவனிடம் சொல்லவேண்டும் என்றும் பணித்தார்.

அதன்பின் எழுந்து, இரணியவதி ஆற்றைக் கடந்து, மல்லர்களின் சால மரச்சோலையை அடைந்தார்.