மிகையும் நிரப்பும்

ஆங்கிலத்திலே ‘சப்பிளிமென்ரரி’ என வழங்குஞ் சொல் வகுப்பறையில் இரு பாடங்களுக்குப் பொதுவாயுள்ளது. கேத்திரகணிதத்தில் அது மிகைநிரப்புக் கோணத்தைக் குறிக்கும். மொழிப்பாடத்தில் துணைநூல் வாசிப்பைக் குறிக்கும். முன்னதன் தெளிவு பின்னதற்கு விளக்காதலை ஈண்டு நாம் ஆராய்வாம்.

இரு கோணங்களின் கூட்டுத்தொகை 90 பாகையாயின் அவை நிரப்புக் கோணங்கள். 180 பாகையாயின் மிகைநிரப்புக் கோணங்கள். 40 பாகைக் கோணத்தின் நிரப்பு 50, மிகைநிரப்பு 140. எக்கூர்ங்கோணத்தை எடுப்பினும் இவ்விரண்டின் வேறுபாடு ஒரு செங்கோணமேயாம். அதனையே ‘மிகை’ எனக் கொள்ளலாம். அம்மிகை வேண்டாதது அன்று. அஃதின்றேல் நேர்கோடு அமையாது. அன்றியும், அதன் அளவு நம் விருப்பின்படி அமைவதன்று. முதற்கோணம் 110 ஆயின் வேண்டுவது 70. அதனிற் கூடவுங் கூடாது, குறையவுங் கூடாது. குறையே நிரப்பின் அளவை வரையறுக்கின்றது.

நம் இலக்கண நூலாரும் இந்நெறியே நின்றனர். நன்னூல், நூற்குற்றம் பத்தனுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் ஒருங்கே வைத்தது. கூறிய விதிகளுள் அடங்காதவற்றைத் தழுவுதற்குப் புறனடைச் சூத்திரங்களையும் அமைத்தது. புறனடை வெறும் மிகையன்று. குறைக்கு அளவான நிரப்பு.

துணைநூலும் அத்தகையதே. யாழ்ப்பாண அரசைப் பாடநூலிற் சுருக்கமாகக் கற்கும் மாணவனுக்கு, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை ஏற்ற நிரப்பாகும். அதே பாடத்தின் பரீட்சைக் குறிப்புகள் எத்தனை சேர்ப்பினும் நிரப்பாகா. அவை முதற்கோணத்தின் மேலேயே மீண்டும் வரைந்த கோடுகள்.

1980 முதல் அரசினர் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றனர். ஆதலின் முதற்கோணம் மாணவர் கையில் உளது. எஞ்சியது நூலகத்திலேயே உளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஓலைச்சுவடிகளும் உடன் அழிந்தன. பாடநூலை மீள அச்சிடலாம். படியில்லாச் சுவடியை மீளப் பெறுதல் யாங்ஙனம்?

வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்கள் மிகைநிரப்புவன என்பதை யூக்கிளிட்டு தம் மூன்றாம் நூலில் நிறுவினார். அவை ஒன்றையொன்று தொடாது எதிரெதிரே நிற்பினும் ஒரே வட்டத்தைச் சார்ந்தவை. பாடநூலும் நூலகமும் அவ்வாறே கல்வி வட்டத்தைச் சார்ந்தன. ஆகலின், கல்லூரி நூலகத்திற்கு நூல் வழங்க முன்வரும் பழைய மாணவர், தம்மிடம் மிகுந்தது யாது என நோக்காது, மாணவர்க்குக் குறைவது யாது என வினவி வழங்குவாராக. மாணவரும் பரீட்சைக்கு வாராதென அவற்றை ஒதுக்காது கற்பாராக.