விடுதி ஆங்கிலம்

நம் விடுதி உணவுக்கூடத்தில் சிறிது நேரம் செவிசாய்த்தால் போதும். எத்தனை வகை ஆங்கிலம் இந்நாட்டில் உண்டென்பது விளங்கிவிடும். ‘வாட் இஸ் யுவர் குட் நேம்?’ என்கிறார் வடநாட்டு நண்பர். கெட்ட பெயர் வேறு உண்டோ என்று நாம் நகைக்கிறோம். இந்தியிலே மரியாதைக்காகக் கேட்கும் ‘சுப் நாம்’ அங்கே ஆங்கிலச் சட்டை போட்டு வருகிறது, அவ்வளவே.

‘ஐ ஆம் கமிங் டுமாரோ ஒன்லி’ என்று நாம் சொல்லும்போது நகைக்கும் முறை அவருடையது. ‘நாளைக்குத்தான்’ என்பதிலுள்ள ‘தான்’ அங்கே ‘ஒன்லி’ ஆகிறது. நாம் அழுத்த விரும்பும் சொல்லுக்குப் பின்னால் ‘தான்’ சேர்க்கிறோம். ஆங்கிலேயர் பெரும்பாலும் குரலிலேயே அழுத்திவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், நகைக்கிற நண்பரும் தம் மொழியின் ‘ஹீ’க்கு இதே ‘ஒன்லி’யைப் போடுகிறார்!

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று: ‘ப்ளீஸ் ரிவர்ட்’. பதில் எழுது என்பதற்கு இப்படியா? ஆய்வுக்கூடத்தில் ‘ரிவர்ட்’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல். ‘டூ தி நீட்ஃபுல்’ அப்படியன்று. அது ஆங்கிலேயரே ஒருகாலத்தில் எழுதியது; அங்கே வழக்கொழிந்தது, நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்குள்ளும் இத்தொல்லை உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது ‘டேபிள்’ என்ற ஒரு சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைத்தலைமையினர் நெடுநேரம் பிணங்கியதைச் சர்ச்சில் 1950இல் வெளிவந்த தம் போர் வரலாற்றுத் தொகுதியில் குறித்திருக்கிறார். முன்னவர்க்கு அது ‘இப்போதே விவாதிப்போம்’, பின்னவர்க்கு ‘ஒத்திவைப்போம்’. இருவரும் வேண்டியது ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

ஆகவே நகைப்புக்கு அஞ்சி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பொருள் பிறழும் இடத்தில் மாற்றினால் போதும். மேல்படிப்புக்கு அமெரிக்காவிற்கு எழுதும் கடிதத்தில் ‘பாஸ்டு அவுட்’ வேண்டாம். அங்கே அது மயங்கி விழுந்ததைக் குறிக்கும். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுங்கள். வெளிநாட்டு அறிஞர் உரை முடித்ததும் எழுந்து ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்னாதீர்கள். நம் ‘சந்தேகம்’ கேள்வியையும் குறிக்கும். அவருடைய ‘டவுட்’ நம்பிக்கையின்மையைத்தான் குறிக்கும். ‘கொஸ்டின்’ என்றால் தீர்ந்தது.

ஆனால் எழுந்து கேளுங்கள். ‘ஒன்லி’க்குக் கிடைத்த சிரிப்பை நினைத்துக் கருத்தரங்கில் வாய்மூடி இருக்கும் தமிழ் மாணவர் சிலரை நான் அறிவேன். அவர்கள் கேட்க நினைத்ததை வேறொருவர், அதைவிடக் கோணலான ஆங்கிலத்திலே கேட்டு, விடையும் பெற்றுப் போகிறார்.