பாட்டி சொன்ன கதையும் பாரெங்கும் வாழும் கதைகளும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலவையினர் பணித்தபோது, வழக்கம்போல் திருமுறை விளக்கம் ஒன்றை எழுதவே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு நம் ஆலய வரலாற்றைத் தொகுக்க முயன்றபோது நேர்ந்த ஓர் அனுபவம் என்னை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இன்னார் எழுதினார் என்று சொல்ல முடியாதபடி, வாய்மொழியாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் கதை, பாட்டு, பழமொழி, விடுகதை, நம்பிக்கை ஆகியவற்றை நாட்டார் வழக்காறு என்கிறோம். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபோக்லோர்' என்னும் சொல்லை 1846ஆம் ஆண்டில் வில்லியம் தாம்ஸ் என்பவர் உருவாக்கினார். சொல் புதிது, அது குறிக்கும் பொருளோ மிகப் பழையது.

கடல் கடந்த கதைகள்

பஞ்சதந்திரக் கதைகளை நாம் அறிவோம். 6ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் அனுஷிர்வானின் அவை மருத்துவரான பர்சோய் அவற்றைத் தம் நாட்டு மொழியில் பெயர்த்தார். 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அரபு மொழிக்குக் கொண்டு சென்றார். கரடகன், தமனகன் என்னும் நம் இரு நரிகளும் அங்கே கலீலா, திம்னா ஆயின. அங்கிருந்து எபிரேயம், இலத்தீன் என ஐரோப்பா முழுவதும் அக்கதைகள் பரவின. 1835ஆம் ஆண்டில் மலாக்காவின் முன்ஷி அப்துல்லா அதே கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்கு மொழிபெயர்த்தார். இளமையில் தமிழ் பயின்றவர் அவர். மலாய் இலக்கியத்திற்கும் தமிழுக்கும் உள்ள இவ்வுறவை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று பாருங்கள். மலாய்க் கதையில் வரும் சாங் காஞ்சில் என்னும் சருகுமான், மன்னரின் விருந்துக்காக எண்ண வேண்டும் என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் முதுகின்மேல் தாவி ஆற்றைக் கடக்கிறது. கி.பி. 712இல் எழுதப்பட்ட ஜப்பானியரின் 'கொஜிக்கி' நூலிலும் ஒரு முயல் இவ்வாறே கடல்வாழ் விலங்குகளை எண்ணுவதாக ஏமாற்றிக் கடலைக் கடக்கிறது. ஆனால் கரை சேருமுன் வாயைக் கொடுத்துத் தன் தோலின் மயிரை இழக்கிறது. வலியவன் முன் எளியவனுக்கு அறிவே துணை என்பது இரண்டுக்கும் பொது. அந்த அறிவுக்கும் அடக்கம் வேண்டும் என்பது ஜப்பானியக் கதை தரும் கூடுதல் பாடம்.

கதையால் எழுந்த இனங்கள்

பின்லாந்து மக்கள் நீண்ட காலம் சுவீடனின் ஆட்சியிலும், 1809 முதல் ரஷ்யப் பேரரசின் கீழும் இருந்தவர்கள். படித்தவர்களின் மொழியாக சுவீடிய மொழியே விளங்கியது. எலியாஸ் லொன்ரோத் என்னும் மருத்துவர் சிற்றூர்களுக்கு நடந்தே சென்று, அங்குள்ள பாடகர்கள் பாடிய பழம்பாடல்களைக் கேட்டு எழுதித் தொகுத்தார். அத்தொகுப்பு 'கலேவலா' என்னும் காப்பியமாக 1835இல் வெளிவந்தது. தம் மொழியிலும் பெருமைக்குரிய செல்வம் உண்டு என்று அம்மக்கள் உணர்ந்தனர். 1917இல் விடுதலை பெற்ற அந்நாடு, இன்றும் பிப்ரவரி 28ஆம் நாளைக் கலேவலா நாளாகக் கொண்டாடுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களுக்கு அனான்சி என்னும் சிலந்தி கதாநாயகன். உலகத்துக் கதைகள் அனைத்தும் வானதெய்வமான நியாமேயிடம் இருந்தனவாம். மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிக் கூட்டத்தையும் தந்திரத்தால் பிடித்து விலையாகக் கொடுத்து, அனான்சி அவற்றைப் பெற்றதாம். அம்மக்களுள் பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு ஜமாய்க்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, அனான்சியும் அவர்களோடு சென்றது. எல்லாவற்றையும் பறித்தவர்களால் கதையைப் பறிக்க முடியவில்லை.

நம் நிலை

நம் முன்னோர் அடிமைகளாக அல்ல, ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் இந்நாட்டுக்கு வந்தவர்கள். எனினும் அவர்கள் கொண்டுவந்ததும் இதுதான். மாரியம்மனும் மதுரை வீரனும் முனியாண்டியும் லயத்து வாசல்களில் கதைகளாகவே முதலில் குடியேறினார்கள். கோயில் பின்னர் வந்தது.

இனி என் அனுபவம். 1986ஆம் ஆண்டு, தோட்டப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராக இருந்தபோது, 'எனக்குப் பிடித்த கதை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவன் ஒருவன் தோட்ட எல்லையிலிருந்த முனியாண்டி அங்கு வந்த வரலாற்றை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, 'மூடநம்பிக்கை. வேறு எழுதுக' என்று குறித்தேன். சீர்திருத்தம் செய்ததாகவே அன்று எண்ணிக்கொண்டேன்.

பின்னர் அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியானது. அந்த முனியாண்டியே இன்று நம் ஆலயத்தின் வெளிப்பிராகாரத்தில் முனீஸ்வரராக எழுந்தருளியிருக்கிறார். ஆலய வரலாற்றுக்காக அவர் கதையைத் தேடியபோது, அதை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த மாணவரைத் தேடிச் சென்று கேட்டேன். அவரும் இப்போது பேரன் எடுத்துவிட்டார். "பாட்டி சொன்னதுங்க சார். நீங்க வேண்டாம்னு எழுதின பிறகு நான் அதைக் கேட்கவே இல்லை," என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அதனால்தான் அது இன்றும் என்னைச் சுடுகிறது. ஒரு மழை இரவு, கவிழ்ந்த பால் வாளி, ஒரு வெள்ளைக் குதிரை. என் நினைவில் மீந்தவை இவ்வளவே.

ஒரு கதையை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் கூறவில்லை. முதலில் கேட்போம், எழுதி வைப்போம், ஆராய்வது பிறகு ஆகட்டும் என்கிறேன். லொன்ரோத் செய்தது அதுவே.

ஆகவே அடியேனின் வேண்டுகோள் இது. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் அரைமணி நேரம் முதியவர்கள் கதை சொல்லவும் பிள்ளைகள் கேட்டு எழுதவும் செயலவை இடமளிக்க வேண்டும். எழுதும் பணியை நானே ஏற்கிறேன். கோபுரத்திற்கும் அன்னதானத்திற்கும் கொடுத்துவரும் அன்பர்கள், உண்டியலில் வெள்ளி போடும் கையோடு தங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் ஆலயத்திற்குக் கொடுங்கள். இல்லத்தில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இன்றே கேளுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.