பேரீச்சம்பழத்துக்குப் போன பம்பு

ஐப்பசி பிறந்துவிட்டால் புயலுக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். டார்ச், பவர் பேங்க், மெழுகுவத்தி, பிஸ்கட். நான் சொல்வது வேறு பட்டியல். எதையும் வாங்கப் போகும் முன், வீட்டில் இருப்பதில் எதை விற்கக் கூடாது என்று முதலில் எழுதுங்கள். கரண்ட் இல்லாமல் வேலை செய்கிற எதுவும் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏறக் கூடாது. கையில் காசு கம்மியாக இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது.

கஜா புயல் வருவதற்கு முன்பே இதை எங்கள் வீட்டில் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கடைமடை. வாசலில் மாமனார் காலத்து அடிபம்பு ஒன்று இருந்தது. கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி வீட்டை எடுத்துக் கட்டினார். பணம் அவருடையது, அதனால் முடிவும் அவருடையது. ஆழமாகப் போர் போட்டு சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கினார்கள், மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தார்கள். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். பிறகு, கார் நிறுத்த இடைஞ்சல் என்று அடிபம்பைப் பிடுங்கச் சொன்னார். அப்போது வீட்டில் கார் கிடையாது. இப்போதும் கிடையாது.

“கொல்லைப் பக்கம் ஒரு கைபோர் போட்டு இதையே மாட்டிக்கலாம் தம்பி, பெரிய செலவில்லைன்னு கொத்தனாரே சொல்றாரு” என்றேன். “சுவிட்சைப் போட்டாத் தண்ணி வருது, இந்தத் துருப்பிடிச்ச இரும்பு எதுக்கு அண்ணி?” என்றார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பம்பு எடைக்குப் போனது. அந்தக் காசு வேலையாட்களின் டீ, வடைக்குச் சரியாக இருந்தது. பூமிக்குள் இறங்கியிருந்த குழாயின் வாயை அடைத்து, மேலே வழவழவென்று டைல்ஸ் ஒட்டினார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்குக் கிட்ட ஆனது. மின்வாரிய ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெளிமாவட்டங்களிலிருந்து வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள்.

மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் கழிவறைக்கே பத்தவில்லை. போர் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, மோட்டாரும் அதற்குள்தான் இருக்கிறது, ஒரு சொட்டு மேலே வரவில்லை. கொழுந்தனார் பெருமையாக வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர் முதல் ராத்திரி ஃபேன் ஓட்டிவிட்டுப் படுத்துவிட்டது. அந்த பேட்டரிக்கும் கரண்டில்தான் சார்ஜ் ஏற வேண்டும். சில மணி நேர மின்வெட்டுக்கு வாங்குகிற சாமானை வைத்துக்கொண்டு வாரக்கணக்கான இருட்டைச் சமாளிக்க முடியாது. மோட்டாரை இழுக்கவும் அதற்குத் தெம்பில்லை.

அப்புறம் ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். ஒரு தொட்டி நிரப்ப இவ்வளவு என்று கணக்கு. நாளாக ஆக அந்தக் கணக்கும் ஏறியது. கரண்ட் வருவதற்குள் நாங்கள் கொடுத்து முடித்த பணத்தில் இரண்டு அடிபம்பு புதிதாகப் போட்டிருக்கலாம். ஜெனரேட்டர் வராத நாட்களில் தெரு முழுக்க எதிர்வீட்டுச் சின்னம்மா வாசலில்தான் நின்றது. அவர்கள் வீட்டு ஓடு பாதி பறந்துபோயிருந்தது, ஆனால் அடிபம்பு அசையவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் குடத்தோடு அந்த ஓட்டு வீட்டு வாசலில் வரிசை கட்டினோம். அந்த அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. குடம் சுமந்து வந்த முட்டிவலி எனக்கு இன்னும் போகவில்லை.

டவர் கிடைத்ததும் கொழுந்தனார் போன் பண்ணினார். “ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுக்கலாமே அண்ணி” என்றார். பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: ஜெனரேட்டர் வேண்டாம், அடிபம்பே போதும்.

பம்பு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வீட்டில் போடுகிற சாதாரண அடிபம்பு உறிஞ்சி எடுக்கிற வகை. நிலத்தடி நீர் சுமார் 25 அடிக்குக் கீழே போனால் அதற்கு எட்டாது. பஞ்சாயத்து போடுகிற உயரமான இந்தியா மார்க் பம்பு வேறு. அதன் சிலிண்டர் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருப்பதால் அதிக ஆழத்திலிருந்தும் தூக்கும். “சித்திரையில தண்ணி இறங்கிடுது, அப்ப இது வெறும் காத்துதான் அடிக்குது” என்று பிடுங்கச் சொன்னவர் இன்னொரு காரணமும் வைத்திருந்தார். ஆனால் நம் கரையில் புயல் பெரும்பாலும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவில்தான் வருகிறது. அப்போது மழை பெய்து நிலத்தடி நீர் மேலே நிற்கும். கோடையில் வராத பம்பும் நமக்குத் தேவைப்படும் மாதத்தில் வந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது அடியுங்கள். சும்மா விட்டால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கினால் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு அடிக்க வேண்டும். உதிரி வாஷர் ஒன்றை வாங்கி வீட்டில் வையுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. வெள்ளம் ஏறி வடிந்த இடமென்றால் நன்றாக அடித்து வெளியே விட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேன் வாங்கி அடுக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்றாலே, ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 175 லிட்டர். இருபது லிட்டர் கேன் ஒன்பது. குளியல், துவையல், கழிவறை இதில் சேரவில்லை.

மற்றதெல்லாம் சுலபம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை வந்ததும் மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும், நிரம்பியது உட்கார்ந்திருக்கும். தார்ப்பாயும் கயிறும் கோடையிலேயே வாங்குங்கள், புயலுக்கு மறுநாள் கேட்கிற விலை வேறு. பட்டா, பத்திரம், ரேஷன் அட்டை, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூடி இறுகுகிற எவர்சில்வர் சம்படத்தில் போடுங்கள். பரணில் வைக்க வேண்டாம், கூரை போனால் முதலில் நனைவது பரண். முக்கியமான போன் நம்பர்களைக் காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கான 108-ம், மாவட்டப் பேரிடர் உதவிக்கான 1077-ம் அதில் இருக்கட்டும். பத்து, இருபது, ஐம்பதாகக் கொஞ்சம் சில்லறை நோட்டு கடுகு டப்பாவில் இருக்க வேண்டும். டவர் சாய்ந்த ஊரில் போனில் இருக்கிற பணம் பணமே இல்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரரிடம் மீதி கொடுக்கச் சில்லறை இருக்காது.

சமையலுக்கு நான் எதுவும் புதிதாக வாங்கவில்லை. கொட்டாங்கச்சியை மூட்டை கட்டித் திண்ணை மூலையில் சேர்த்து வைத்திருந்தேன். “குப்பை சேர்க்கிறா” என்று மாமியாரே சிரித்திருக்கிறார். புயலுக்குப் பிறகு ஊர் முழுக்க மரம் விழுந்து கிடந்தது, ஆனால் அத்தனையும் ஈரம், அடுப்பில் வைத்தால் புகைதான் வந்தது. சாலை அடைபட்டு சிலிண்டர் வண்டியும் வரவில்லை. என் கொட்டாங்கச்சியில்தான் உலை கொதித்தது. மிக்ஸி ஓடாத வீட்டில் அம்மி ஓடியது. அதையும் தோட்டத்து வேலிக்கு அண்டக் கொடுக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கருவாடு. வேறென்ன வேண்டும்?

மாமியாரின் இன்சுலின்தான் எல்லோரையும் பயமுறுத்தியது. ஃபிரிட்ஜ் செத்துவிட்டது, மருந்து கெட்டுவிடும் என்று அழுதார். உபயோகத்தில் இருக்கும் பாட்டில், வெயிலும் சூடும் படாமல் இருந்தால், பொதுவாக நான்கு வாரம் வரை வெளியே தாங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். திறக்காத பாட்டில்களுக்கு ஒரு பெரிய மண்பானையில் மணலைக் கொட்டி நனைத்து, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, பாட்டில்களைக் கவரில் கட்டி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடினேன். ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, வெளிச்சூட்டைவிடக் குறைவாக இருக்கும். மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், அந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பானைகளும் தூக்கிப் போடச் சொன்ன சாமான்தான் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

சரி, பம்பு போய்விட்டது, இனி என்ன செய்வது என்பவர்களுக்கு: கொல்லையில் ஒரு கைபோர் போடுங்கள். ஆடியிலேயே வேலையை முடித்துவிடுங்கள். புயலுக்குப் பிறகு போர் போடுகிறவர்கள் கையில் கிடைக்க மாட்டார்கள். நான் அடுத்த வருஷம் சீட்டுப் பணத்தில் போட்டேன், யாரிடமும் கேட்கவில்லை. தனியாக முடியாது என்றால் பக்கத்து இரண்டு வீட்டோடு சேர்ந்து போடுங்கள். ஆனால் யார் வீட்டுக் கொல்லையில், யார் வாஷர் மாற்றுவது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கொழுந்தனார் இருப்பார், அல்லது ஒரு மகன். நல்லவர்தான், நமக்காகத்தான் செய்வார். வீட்டை அழகாக்குகிறேன் என்று அவர் எதையாவது பிடுங்கச் சொல்லும்போது சண்டை போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வீட்டில் வந்து இருப்பாரா என்று மட்டும் கேளுங்கள். இருப்பேன் என்றால் பிடுங்கட்டும். லீவு கிடைக்காது என்றால், பம்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.